சம்சுவை விட விரும்புகிறவருக்குச் சபையும் குடும்பமும் துணைநிற்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், சம்சு என்னும் மலிவான உள்ளூர்ச் சாராயத்தையோ வேறு மதுவையோ குடிக்கும் ஒருவருடைய பழக்கம் சபையின் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் அவருடைய மனைவியின் வழியாகத்தான். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, “ஐயா, அவருக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க” என்று அவர் போதகரிடம் தாழ்ந்த குரலில் கேட்பார். அந்த இடத்திலேயே ஜெபிப்பது நல்லது. ஆனால் ஜெபித்து அனுப்பிவிடுவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. விசுவாசத்தோடு ஒருவரைக் குடியிலிருந்து மீட்க விரும்பும் போதகர், மூப்பர், உடன்பிறந்தவர், மனைவி ஆகியோர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தினமும் குடிக்கிறாரா, ஒரு நாளைக்கு எத்தனை போத்தல், கள்ளா, பீரா, சம்சுவா, முன்பு எப்போதாவது நிறுத்த முயன்றபோது வலிப்பு வந்ததா என்பவற்றை அவரிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேளுங்கள். காலையில் கோப்பிக் குவளையை இரு கைகளாலும் பிடித்தும் கோப்பி சிந்துகிறது, ஒரு மிடறு சம்சு உள்ளே போனதும் அதே கைகள் நடுக்கமின்றி நிற்கின்றன என்றால், அவருடைய உடல் சாராயத்தைச் சார்ந்து வாழப் பழகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவரை மருத்துவரின் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீண்ட காலமாக அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் ஏற்பட்டு, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் இறந்துபோனவர்கள் அழைப்பதாகவும் சொல்வார்கள். நம் ஊர்களில் இதைப் பேய் பிடித்ததாக எண்ணிக் கட்டிப்போட்டு ஜெபிக்கிற வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அது மூளையும் நரம்பும் சாராயம் இல்லாமல் தத்தளிக்கிற நிலை. மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். வலிப்போ குழப்பமோ கடுங்காய்ச்சலோ கண்டால் 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் அமர்ந்து ஜெபிக்க எந்தத் தடையும் இல்லை.

அதே காரணத்தால், விடுதலைக்காக உபவாசம் இருக்கும்படி குடிநோயாளியிடம் சொல்லாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்துக் குடித்தே நாள் கழித்தவரின் உடலில் வைட்டமின் பி1 மிகவும் குறைந்திருக்கும். அந்தக் குறை மூளையை நிரந்தரமாகப் பாதிக்க வல்லது என்பதால்தான் மருத்துவர்கள் அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கிறார்கள். அவருக்காகச் சபையார் உபவாசிக்கட்டும். அவர் சோறும் குழம்பும் சாப்பிடட்டும்.

மலிவான போலி மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, போதை தெளியட்டும் என்று படுக்கவைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கிளினிக்குக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். ஆனாலும் அந்த வாசற்படியை ஏற அவருக்குக் கூச்சம் இருக்கும். “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்” என்ற பயமும் இருக்கும். 1911-இல் தொடங்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் பெயர் பேராக் முழுவதும் கேலிச்சொல்லாகவே புழங்கிவிட்டது. அங்கே போவதும் சிகிச்சைக்குப் போவதுதான், அதில் அவமானம் ஒன்றுமில்லை என்பதைச் சபையில் மதிப்புள்ள ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால், அதுவே பாதி வழியைத் திறந்துவிடும். எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு தவறிவிடும். குடிக்கும் வேட்கையைத் தணிக்கிற மருந்துகளும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். குடியை நிறுத்தும் தூள் என்று யாராவது விற்பதை வாங்கி அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கவே கூடாது. அத்தகைய சில மருந்துகள் உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அதோடு, உண்மை தெரியவரும் நாளில் அவர் வீட்டுச் சோற்றையே நம்பமாட்டார்.

மருந்துக்குப் போவது விசுவாசக் குறைவு என்று கருதுகிறவர்கள் யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். லாசருவை உயிரோடு எழுப்பியவர் கர்த்தர்; ஆனால் அவனுடைய கட்டுகளை அவிழ்த்துவிடும்படி சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். அந்த வேலையை அவர் மனிதர் கையில் விட்டார். மருத்துவர், மனைவி, மூப்பர், உடன்வேலை செய்பவர் என எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஜெபம் எப்படி இருக்க வேண்டும்? கூட்டத்தின் நடுவே தலைமேல் கைவைத்து, சத்தமாக அவருடைய பாவத்தை அறிவிக்கிற ஜெபம் வேண்டாம். அவர் நம்பும் ஒருவரோடு, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் போதும். அவரே தம் சொந்தச் சொற்களில் ஜெபிக்கட்டும். “ஆண்டவரே, இன்று குடிக்காமல் இருக்க உதவும்” என்பது முழுமையான ஜெபம். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, குணமடையும்படி ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு நிருபம். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய ‘பெயர் வெளியிடாக் குடிநோயாளர்’ இயக்கம் இந்தப் பழக்கத்தை ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்திலிருந்துதான் கற்றுக்கொண்டது. குடித்து மீண்ட ஒருவர், குடித்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு பேசுவதில் தனிப் பலன் உண்டு. உங்கள் சபையிலோ பக்கத்துத் தோட்டத்திலோ அப்படி ஒருவர் இருந்தால் தேடிக் கண்டுபிடியுங்கள். கேட்ட அறிக்கையை மட்டும் வெளியே விடாதீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் சொன்னது மாலைக்குள் கடைசி வீட்டுக்குப் போய்விடும். ஒருமுறை அப்படி நேர்ந்தால் அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார்.

அடுத்தது நேரம். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி, விடியுமுன்னே காட்டுக்குப் போய்ப் பிற்பகலில் வீடு திரும்பிவிடுகிறார். அதிலிருந்து இரவுவரை உள்ள நீண்ட இடைவெளியில்தான் கால்கள் தாமாகக் கடைப்பக்கம் நடக்கும். அந்த வேளையில் அவரோடு இருக்க ஆள் வேண்டும், செய்ய வேலையும் வேண்டும்: ஆலயத்துக் கூரைத் தகரத்தை மாற்றுவது, காய்கறிப் பாத்தி போடுவது, பிள்ளைகளை டியூஷனுக்கு அழைத்துப்போவது என எதுவானாலும் சரி.

மிகக் கடினமான நாள் சம்பள நாள். சட்டப்படி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், அந்த நாளை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம். அன்று வேலை முடியும் நேரத்தில் இருவர் அவரை எதிர்கொண்டு, மோட்டார் சைக்கிளில் சம்சுக் கடை இல்லாத வழியாக அழைத்துவந்து, மளிகைக் கடைக் கடனை அவர் கையாலேயே அடைக்கச் செய்து, மீதியை மனைவியிடம் அவரே எண்ணிக் கொடுக்கும்வரை கூட இருங்கள். பணத்தைப் பிடுங்கிக்கொள்வது வேறு, அவரே மனமொப்பிக் கொடுப்பது வேறு, இரண்டாவதுதான் நிலைக்கும். சம்பளம் வங்கிக்குப் போவதாக இருந்தால், அட்டையை அந்த வாரம் மனைவியிடம் வைத்துக்கொள்ள அவருடைய சம்மதத்தை முந்தின நாளே கேட்டுப் பெறுங்கள்.

ஒரு மாதம் குடிக்காமல் இருந்தவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதை நான் ஏற்கவில்லை. கைதட்டல் கேட்ட பிறகு அவர் விழுந்தால், அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். ஓர் ஆண்டாவது போகட்டும். பிறகு அவரே விரும்பினால் பேசலாம்.

நற்கருணையையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மெதடிஸ்ட் சபைகளில் புளிக்காத திராட்சைச்சாறே வழக்கம். கத்தோலிக்க ஆலயத்தில் அப்பத்தை மட்டும் பெறுவதே முழு நற்கருணை. திராட்சை மது வழங்கும் மற்றச் சபைகளில், அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்வதாக ஆயரிடம் தனியே சொல்லிவைத்தால் போதும். துக்க வீட்டு இரவுகளும் கிறிஸ்துமஸ் கால விருந்துகளும் இதைவிட ஆபத்தானவை. அங்கே அவரோடு ஒருவர் போய், ஒன்றாகவே திரும்ப வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டால் அன்றிரவு வாக்குவாதம் வேண்டாம். போதையில் இருப்பவரிடம் சொல்லும் அறிவுரை மறுநாள் அவர் நினைவில் இருக்காது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மூச்சைக் கவனியுங்கள். அவர் தெளிந்தபின் போய், எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் தொடங்கியது என்று கேட்டு, அதை அடுத்த கிளினிக் தேதியில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் அவர் கை நீட்டுகிறவரானால், பொறுத்துக்கொண்டு ஜெபிக்கும்படி மனைவியிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். மனைவியும் பிள்ளைகளும் அன்றிரவே போய்த் தங்குவதற்குச் சபையில் ஒரு வீட்டை முன்னதாகவே ஏற்பாடு செய்து, அந்த வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் அரசாங்கத்தின் ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசி எண்ணான 15999-ஐயும் மனைவியின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.