கருத்துக் கேட்பு கூட்டத்துக்கு போறதுக்கு முன்னாடி இதை படிச்சிட்டு போங்க

உங்க ஊர்ல ஏதோ பெரிய ப்ராஜெக்ட் வருது, கலெக்டர் தலைமையில கருத்துக் கேட்பு கூட்டம்னு பேப்பர்ல விளம்பரம் பாத்தீங்களா? நேரா பந்தலுக்கு போய் கத்திட்டு வந்தா போதும்னு நினைக்காதீங்க. அங்க ஓட்டெடுப்பு எல்லாம் கிடையாது, மினிட்ஸ்ல (கூட்டத்துல பேசுனதை எழுதி வைக்கிற குறிப்பு) என்ன ஏறுதோ அதுதான் மேல போகும்.

முதல் வேலை, ப்ராஜெக்ட் எந்த பிரிவுன்னு பாருங்க. 2006 செப்டம்பர் 14 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது ப்ராஜெக்டால என்ன பாதிப்பு வரும்னு முன்னாடியே பாக்கிறது) அறிவிக்கைப்படி 'ஏ'ன்னா அனுமதி குடுக்கிறது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 'பி'ன்னா மாநில சுற்றுச்சூழல் ஆணையம். அதுலயும் பி2ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இஐஏ ரிப்போர்ட்டும் இல்ல, கூட்டமும் இல்ல. 2020 ஜனவரில எண்ணெய், எரிவாயு தேடுற கிணறுகளை அங்கதான் தள்ளுனாங்க, டெல்டாவுல கோவம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து ரிப்போர்ட்டை கையில வாங்குங்க. கூட்டத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி நோட்டீஸ் வரணும், சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும், கலெக்டர் ஆபீஸ், யூனியன் ஆபீஸ்ல எல்லாம் கேட்டுப் பாக்கலாம். தமிழ் சுருக்கத்தோட நிறுத்திக்காதீங்க, விஷயமே முழு ரிப்போர்ட்லதான் இருக்கும், இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளைங்க யாரையாவது பிடிச்சு உக்கார வைங்க.

இப்பதான் முக்கியமான வேலை. சுத்தி 10 கிலோமீட்டருக்கு மேப் போட்டிருப்பாங்க, உங்க ஏரி, ஓடை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அதுல இருக்கான்னு ஒவ்வொண்ணா டிக் பண்ணுங்க. தண்ணி, காத்து டேட்டா எந்த மாசம் எடுத்ததுன்னும் பாருங்க, பெரும்பாலும் மழை இல்லாத ஒரு சீசன்லதான் எடுப்பாங்க, அப்போ ஓடை காஞ்சு கிடக்கும், ஐப்பசில அதே ஓடை ரோட்டுக்கு மேல போறது ரிப்போர்ட்டுக்கு எப்படி தெரியும்? ரிப்போர்ட் எழுதுற கன்சல்டன்ட்டுக்கு சம்பளம் குடுக்கிறதும் அந்த கம்பெனிதான், அதை மனசுல வச்சுட்டு படிங்க. மகாராஷ்டிராவுல ரத்னகிரி பாக்சைட் சுரங்க ரிப்போர்ட் ஒண்ணுல ரஷ்யா ரிப்போர்ட்ல இருந்து காப்பி அடிச்சு, அந்த கொங்கண் கடற்கரைப் பக்கம் குளிர் நாட்டு ஸ்ப்ரூஸ் மரக் காடு இருக்குன்னே எழுதி மாட்டிக்கிட்டாங்க!

கூட்டத்துல "எங்களுக்கு வேணாம்"னு மட்டும் சொல்லாதீங்க, "இத்தனாவது பக்கத்துல எங்க ஏரி விட்டுப்போச்சு"ன்னு சொல்லுங்க, அதையே எழுத்துலயும் குடுத்து காப்பில சீல் வாங்கிக்கோங்க. கடைசி வரைக்கும் உக்காந்திருங்க, முடிவுல மினிட்ஸை தமிழ்ல வாசிச்சு காட்டணும்கிறது ரூல். நான் போன ஒரு கூட்டத்துல சாப்பாட்டு நேரத்துக்கே பாதிப் பேர் கிளம்பிட்டாங்க, வாசிச்சது சேருங்களுக்குத்தான். நீங்க சொன்னது விட்டுப்போயிருந்தா அங்கயே எழுந்து சொல்லுங்க, வீடியோவும் ஓடிட்டுதான் இருக்கும்.

அப்புறம் சுற்றுச்சூழல் அனுமதி விவரம் எல்லாம் போடுற மத்திய அரசு வெப்சைட்டான பரிவேஷ் போர்ட்டலை அடிக்கடி பாத்துட்டே இருங்க. அனுமதி குடுத்துட்டா பசுமைத் தீர்ப்பாயத்துல அப்பீல் போட 30 நாள்தான், தகுந்த காரணம் இருந்தா இன்னும் 60 நாள் வரைக்கும் தரலாம், நமக்கு சென்னை பெஞ்ச்.