மாசம் முடியறதுக்குள்ள ஜிஎஸ்டி எவ்ளோ வரும்னு டேலில பாக்கறது எப்படி

ஆம்பூர்லருந்து செருப்பு எடுத்து வேலூர்ல வியாபாரம் பண்றவங்க நெறைய பேருக்கு ஆடிட்டர் 19ஆம் தேதி போன் பண்ணாதான் வரி எவ்ளோனே தெரியுது, மறுநாள் கட்டணும்னு துட்டுக்கு அலையறாங்க. கணக்கு எழுதற சாஃப்ட்வேர் டேலி பிரைம் இருந்தா எந்த நாள்லயும் பாத்துக்கலாம், ஆனா உள்ள போடறத சரியா போட்டாதான் வர கணக்கும் சரியா வரும்.

மொதல்ல பார்ட்டி லெட்ஜர், அதாவது நீங்க வாங்கற, விக்கற ஒவ்வொருத்தர் பேர்லயும் இருக்கற கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் மாநிலமும் ஜிஎஸ்டி நம்பரும் போடுங்க, நம்பர் 33ல ஆரம்பிச்சா தமிழ்நாடு, 37 ஆந்திரா, 29 கர்நாடகா. ஆந்திரால இருக்கற சித்தூர, பக்கத்துலதானே இருக்குனு தமிழ்நாடுனே வுட்டுட்டீங்கன்னா ஐஜிஎஸ்டி (வேற மாநிலத்து வியாபாரத்துக்கான வரி) வர எடத்துல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டினு (ஒரே மாநிலத்துக்குள்ள விக்கும்போது மத்திய, மாநில அரசுக்குப் பாதிப் பாதியா போற வரி) பிரிஞ்சிடும், அப்புறம் சரியான தலைப்புல இன்னொரு வாட்டி கட்டிட்டு மொதல்ல கட்டினதுக்கு ரீஃபண்ட் கேட்டுனு நிக்கணும்.

அடுத்து ரேட்டு, இதுலதான் செருப்புக் கடைக்காரங்க ரொம்ப கவனமா இருக்கணும். 2025 செப்டம்பர் 22லருந்து ஜோடி 2,500 ரூபா வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. வரி சேக்காத விலைங்க இது. 2,500க்கு வித்தா வரி 125, ஒரு ரூபா ஏத்தி 2,501னு போட்டா வரி 450 தாண்டிடுது, அதனால விலை வைக்கும்போதே இத பாருங்க. ஸ்டாக் ஐட்டத்துல ஜிஎஸ்டி ரேட் போடற எடத்துல ஸ்லாப் பேஸ்டுனு (விலைக்கு ஏத்த ரேட்டு) ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல ரெண்டு ரேட்டையும் போட்டு எந்த தேதிலருந்துனும் குடுத்துட்டா விலைய பாத்து அதுவே பில்லுல மாத்திக்கும்.

வாங்குன பில்லயும் அப்பப்ப ஏத்திடுங்க. அடுத்த மாசம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி வரும், சப்ளையருங்க ஏத்தின பில்லுங்களோட லிஸ்ட்டு அது. அதுல இருக்கறத ஒண்டி கிரெடிட்டா (வாங்கும்போது குடுத்த வரிய கட்ட வேண்டிய வரில கழிச்சிக்கறது) எடுங்க, சப்ளையர் ஏத்தாத பில்ல நம்பி கணக்கு போடாதீங்க.

இப்ப டேலில ஜிஎஸ்டிஆர் 3பி ரிப்போர்ட்ட தொறங்க, எவ்ளோ வரி கட்டணும்னு காட்டற கணக்கு இதான். அன்செர்ட்டன் ட்ரான்சாக்ஷன்ஸ்னு (விவரம் கொறையா, தப்பா இருக்கற பில்லுங்க) ஏதாச்சும் காட்டினா மொதல்ல அத சரி பண்ணுங்க, அதுங்க கணக்குல சேராமயே நிக்கும்.

ஒரு கணக்கு பாக்கலாம். சித்தூருக்கு 1,200 ரூபா ஜோடி 100, ஐஜிஎஸ்டி 6,000. வேலூர்லயே 3,000 ரூபா ஜோடி 50, சிஜிஎஸ்டி 13,500, எஸ்ஜிஎஸ்டி 13,500. கிரெடிட்ல ஆக்ராலருந்து வாங்குனதுக்கு ஐஜிஎஸ்டி 10,000, ஆம்பூர் சரக்குக்கு சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000 இருக்குனு வச்சிக்கங்க. ஐஜிஎஸ்டி கிரெடிட்ட மொதல்ல முழுசா தீக்கணும்: 6,000 ஐஜிஎஸ்டிக்கு போவுது, மீதி 4,000த்தயும் சிஜிஎஸ்டி கிரெடிட் 9,000த்தயும் சிஜிஎஸ்டில கழிச்சா அதுல கட்ட வேண்டியது 500, எஸ்ஜிஎஸ்டில அதோட கிரெடிட் 9,000 போக 4,500, ஆக மொத்தம் 5,000. சிஜிஎஸ்டி கிரெடிட்ட எஸ்ஜிஎஸ்டிக்கு எடுக்க முடியாது, மனக்கணக்கு போடறவங்க தடுமாறற எடமே இதான்.

மாசாமாசம் ஃபைல் பண்றவங்க அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள கட்டணும், தாண்டினா வருஷத்துக்கு 18% வட்டி. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபைல் பண்றவங்களும் மொத ரெண்டு மாசத்துக்கு அடுத்த மாசம் 25ஆம் தேதிக்குள்ள பிஎம்டி 06 சலான்ல கட்டணும், அந்த தொகைய முடிவு பண்றதுக்கும் இதே ரிப்போர்ட்ட அந்த மாசத்துக்கு மட்டும் தேதி மாத்தி பாத்தா போதும்.