மறதிநோய் கண்ட முதியவர் கரைக்குப் புறப்படும்போது: வீட்டார் செய்ய வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் போன்ற ஊர்களில் ஆயுள் முழுவதும் வள்ளத்தில் தொழில் செய்த ஒருவருக்கு மறதிநோய் கண்டால், வீட்டாரை அதிகம் கலங்கடிப்பது அவர் பேரப்பிள்ளைகளின் பெயரை மறப்பதைவிட, விடியுமுன் எழுந்து, "தொழிலுக்குப் போகணும்" என்று கதவைத் திறந்துகொண்டு நடப்பதுதான். அண்மையில் நடந்தவை முதலில் அழிந்து, இளமையில் பழகியவை நெடுநாள் நிற்பது இந்நோயின், குறிப்பாக அல்சைமர் வகையின், இயல்பு. எனவே அது பிடிவாதமன்று.

"வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் இதைப் போலவே தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பமாயின், அது நோய்த்தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கக்கூடும் என்பதால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அவர் புறப்படும்போது, "உங்களுக்கு எண்பது வயது, வள்ளத்தை விற்று எவ்வளவோ காலமாயிற்று" என்று வாதிடுவதால் பயனில்லை. அந்தச் செய்தி அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய இழப்பாகவே விழும். "அப்பா, காற்று எப்படியிருக்கிறதென்று பார்த்துவிட்டுப் போகலாம், முதலில் தேநீர் குடியுங்கள்" என்று உட்காரவைத்து, பழைய வலைத் துண்டொன்றைக் கையில் கொடுங்கள். பேச்சில் தடுமாறும் பலருக்கும் கைப்பழக்கம் மிச்சமிருக்கும். மாலையில் யாராவது உடன்சென்று கரைவரை நடத்திக் கூட்டிவந்தால், இரவு அலைச்சல் குறையவும் கூடும்.

கதவில் மணி கட்டலாம். தாழ்ப்பாளை அவர் கண்ணில் படாத உயரத்துக்கு மாற்றலாம். ஆனால் அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டவோ கட்டிவைக்கவோ கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே மாவட்டத்து ஏர்வாடியில், மனநலக் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி இறந்தனர். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

கௌரவம் கருதி நோயை மறைக்கும் வீடுகளில்தான் ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. தேநீர்க்கடை, மீன் ஏலம் நடக்கும் இடம், ஆட்டோ நிறுத்தம் ஆகியவற்றில் இருப்போரிடம் வெளிப்படையாகச் சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவையுங்கள். நம் பெரியவர்கள் பலர் சட்டையின்றி நடமாடுவதால், எண் பொறித்த வளையத்தைக் கையில் அணிவிப்பது, சட்டைப்பையில் சீட்டு வைப்பதைவிட நல்லது. காணாமற்போனால், அவர் பழைய நாளில் வள்ளம் கட்டிய இடத்தில் ஒருவர் தேடும்போதே, மற்றொருவர் 112க்கு அழைக்க வேண்டும்; அண்மைப் புகைப்படம் கைப்பேசியில் தயாராக இருக்கட்டும்.

இத்தனையும் பெரும்பாலும் மகளோ மருமகளோ தனியே சுமக்கிறார். ஆண்கள் கடலிலோ வளைகுடா நாட்டிலோ இருந்தாலும், கரையிலிருக்கும் நாட்களில் இரவுக் காவலை அவர்கள் ஏற்று, அந்தப் பெண்ணைத் தூங்கவிட வேண்டும். அரசின் முதியோர் உதவி எண்ணான 14567இல் ஆலோசனை இலவசம்.