சிக்கன் பாஸ்தா சாலட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலக்கும்போது பளபளவென்று இருக்கும் சாலட், ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது வறண்டு கட்டியாகிக் கிடக்கும். பலரும் மயோனைஸைக் குறை சொல்வார்கள். ஆனால் சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவுக்கான பழக்கங்களை ஆறவைத்துச் சாப்பிடும் சாலடிலும் கடைப்பிடிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் வேகும் பதம். சூடான பாஸ்தாவை லேசாகக் கடிபடும்போதே இறக்குவது சரி. சாலடுக்கு அது போதாது, ஏனென்றால் வெந்த ஸ்டார்ச் குளிர்ந்ததும் மறுபடி இறுகிவிடும். பாக்கெட்டில் போட்டிருப்பதைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. அதற்காகக் குழையவும் விடக் கூடாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், சுமார் 10 கிராம் உப்பு. வேகும்போது உள்ளே இறங்காத உப்பை டிரெஸ்ஸிங்கில், அதாவது சாலடில் கலக்கும் மயோனைஸ் கலவையில், ஈடுகட்ட முடியாது. ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வழவழப்பில் டிரெஸ்ஸிங் பிடிக்காது.

வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசலாமா? சூடான சாஸ் சேர்ப்பதென்றால் கூடாது. மேலே படிந்த கஞ்சிதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். ஆறவைக்கும்போது அதே கஞ்சி துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், அதனால் இங்கே தாராளமாக அலசுங்கள். அப்புறம் வடிகட்டியை நன்றாகக் குலுக்குங்கள். பென்னே குழலுக்குள் தண்ணீர் தங்கினால் டிரெஸ்ஸிங் நீர்த்துப்போகும். என் தேர்வு முறுக்கு வடிவ ஃபுசில்லிதான், அதன் மடிப்புகளில் டிரெஸ்ஸிங் நன்றாகத் தங்கும். ஸ்பாகெட்டி மாதிரி நீளமானவை இதற்குச் சரிப்படாது.

சிக்கனில் நடக்கும் தவறு, தளதளவென்று கொதிக்கவிடுவது. நெஞ்சுப்பகுதியில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் சக்கையாகிவிடும். உப்பு, மிளகு, பூண்டு போட்ட தண்ணீரில் லேசாகக் குமிழி விடும் அளவு தீயில் வேகவைத்து, தடிமனான இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, நாருக்குக் குறுக்காக வெட்டினால் மெத்தென்று இருக்கும். சூட்டோடு மயோனைஸில் போட்டுவிடாதீர்கள். எண்ணெயும் புளிப்பு நீரும் பிரியாமல் மஞ்சள்கரு பிடித்து வைத்திருக்கும் கலவை அது. சூடு பட்டால் எண்ணெய் கக்கும்.

எல்லா டிரெஸ்ஸிங்கையும் ஒரே தடவையில் ஊற்றுவதுதான் எனக்குத் தெரிந்து பெரிய தவறு. பாஸ்தா ஃப்ரிட்ஜுக்குள்ளும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்றில் இரண்டு பங்கை முதலில் கலந்து, மீதியைத் தனியாக மூடி வையுங்கள். பரிமாறும் நேரத்தில் அதைச் சேர்த்துக் கிளறினால் பழைய பளபளப்பு திரும்பிவிடும். வெறும் மயோனைஸ் திகட்டும். இரண்டு பங்கு மயோனைஸுக்கு ஒரு பங்கு கெட்டித் தயிர், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கடுகு சாஸ், மிளகுத்தூள் என்ற அளவு நன்றாக அமையும். குளிர்ச்சியில் உப்பும் புளிப்பும் மங்கித் தெரியும் என்பதால், பரிமாறும் முன் கட்டாயம் ஒரு வாய் ருசி பாருங்கள்.

வெள்ளரி, தக்காளி என்றால் விதைப்பகுதியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கும். பச்சை வெங்காயத்தின் காரம் மற்ற ருசியை அமுக்கிவிடும்; நறுக்கிப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, அலட்சியமே கூடாத விஷயம். கலந்த சாலடை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம், உறைந்து இளகும்போது மயோனைஸ் திரிந்துவிடும்.