முதலில் முக்காலியை இறக்குங்கள்

ஆவணப்பட வகுப்பின் முதல் நாளில் மாணவர்களிடம் கேமராவைக் கொடுத்து, பேட்டிக்குத் தயார் செய்யச் சொல்வேன். பெரும்பாலும் தங்கள் கண் உயரத்துக்கே முக்காலியை ஏற்றி நிறுத்துவார்கள். நான் என் சக்கர நாற்காலியை எதிரே உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். திரையில் என் உச்சந்தலை பெரிதாகவும் முகம் சிறிதாகவும் தெரியும். அவர்கள் யாரும் என்னை அவமதிக்க நினைக்கவில்லை. பழகிய உயரத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். இந்தத் தொழிலின் பழக்கங்கள் நின்றுகொண்டிருக்கும், காது கேட்கும், வெளிறிய தோல் கொண்டவர்களுக்காக ஏற்பட்டவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியாக வேண்டும். முதலில் லென்ஸை, பேசுபவரின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். கேள்வி கேட்பவரும் தாழ்ந்த நாற்காலியில் உட்காரட்டும்.

அடுத்தது ஒளி. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து, படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் புகைப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் விற்பவர்களும் முறையிட்ட பிறகே நிறுவனம் அதைக் காதில் வாங்கியது. கறுப்பின மக்கள் அதுவரை படத்தில் பல்லும் கண்ணுமாகத் தெரிந்தது யாருக்கும் உறுத்தவில்லை போலும்! இன்றைய கேமராக்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் தானியங்கி வெளிச்ச அளவை நம்பாதீர்கள். கருமையான தோலை வெளிச்சத்தால் வெளுக்க முயல வேண்டாம். அகலமான, மென்மையான ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் கன்னத்திலும் நெற்றியிலும் விழும் மினுமினுப்பே முகத்தை வடித்துக் காட்டும். ஒளி வைக்க இடமில்லாதபோது ஒரு பெரிய வெள்ளைத் துணியே போதும்.

சைகைமொழியில்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் படத்தில் காது கேளாத தையற்காரப் பெண்மணி ஒருவர் தன் திருமண வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். படத்தொகுப்பில், வழக்கம்போல, பேச்சின் நடுவே தையல் எந்திரத்தின் ஊசி ஏறி இறங்குவதை எட்டு நொடி சொருகினோம். மொழிபெயர்ப்புக் குரல்தான் பின்னால் ஓடுகிறதே என்ற நினைப்பு. திரையிட்ட அன்று அவர் என்னிடம் கேட்டார்: "அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன்?" சைகையில் பேசுபவரை விட்டு வேறு காட்சிக்குத் தாவுவது, அவர் வாயைப் பொத்துவதற்குச் சமம். அரங்கிலிருந்த அவருடைய தோழிகள் அந்த எட்டு நொடியும் ஊசியைத்தான் பார்த்தார்கள். போதாக்குறைக்கு, கணவன் அடித்த கதையை ஓர் ஆண் மொழிபெயர்ப்பாளரின் குரலில் ஓடவிட்டிருந்தோம்.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை, இரு முழங்கைகளும் உள்ளே வரும்படி சட்டகம் வைப்பேன். மொழிபெயர்ப்பாளரைக் கேமராவை ஒட்டி நிறுத்துவேன். அப்போதுதான் பேசுபவரின் பார்வை லென்ஸுக்கு அருகே விழும். கேள்வியை மட்டும் பேசுபவரைப் பார்த்தே கேட்பேன். தனக்கு யார் குரல் கொடுக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். சப்டைட்டில் கைகளை மறைக்காமலிருக்கக் கீழே இடம் விடுவேன்.

ஒப்புதல் படிவத்தை அவசரமாக நீட்டாதீர்கள். மாற்றுத்திறனாளிப் பெண் என்றால் அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் இருந்து பதில் சொல்வது வழக்கம். கனிவாக ஒரு தேநீர் இடைவேளை கேட்டு அவரிடம் தனியாகப் பேசுங்கள். தொகுப்பு முடியும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுவதாகவும், வேண்டாம் என்றதை எடுத்துவிடுவதாகவும் எழுத்தில் கொடுங்கள். திக்கித் திக்கிப் பேசுபவரின் இடைவெளிகளை வெட்டிச் சீராக்குவதற்கும் அவரிடமே கேட்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடும் காட்சிக்குச் சோகப் புல்லாங்குழல் வேண்டவே வேண்டாம்.

பழைய படங்களைத் தேடும்போது சட்டகத்தின் ஓரங்களைப் பாருங்கள். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடினார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது காது கேளாதவர்கள் ஜன்னல் வழியே சைகையில் வெளியே செய்தி அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர். அக்கட்சியின் பிராட் லோமாக்ஸ் சக்கர நாற்காலியோடு உள்ளேயே இருந்தார். ஊனத்தின் வரலாறு ஓரிடத்திலும் இனத்தின் வரலாறு வேறிடத்திலும் அடுக்கப்பட்டிருப்பதால், ஒரே தலைப்பில் மட்டும் தேடுபவருக்கு லோமாக்ஸ் தட்டுப்படாமலே போகலாம்.

கடைசியாக, திரையிடல். அரங்கின் வாசலில் சரிவுப்பாதை இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். மேடைக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இல்லையென்றால் கலந்துரையாடலை மேடைக்குக் கீழே, தரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.