கார்த்திகைக் குளிர்மழைக்கு முன் மாட்டுப் பட்டியை ஆயத்தப்படுத்துதல்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் மாடு குளிரில் சாகும் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். வவுனியாவில் மார்கழி அதிகாலையில் 20 முதல் 22 பாகை செல்சியஸ்தான் வழமை. உடம்பு காய்ந்து, வயிறு நிறைந்து நிற்கும் மாட்டுக்கு அது ஒரு குளிரே இல்லை. ஆனால் 2022 டிசெம்பர் 9ஆம் திகதியை ஒட்டி, மண்டூஸ் புயல் வங்கக் கடலால் கடந்துபோனபோது, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் செத்து விழுந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பட்டிகளுக்கும் பலத்த இழப்பு. நனைந்த தோல், விடாத காற்று, வெறும் வயிறு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் 20 பாகையிலும் மாடு விறைக்கும். இவற்றில் ஒன்றையாவது தடுத்துவிட்டால் பெரும்பாலான மாடுகள் தப்பும்.

காலபோகத்தில், அதாவது மாரிமழையை நம்பி நெல் விதைக்கும் பருவத்தில், ஆபத்து கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. வயலெல்லாம் விதைத்திருப்பதால் பட்டிகள் காட்டோரத்துக்குப் போய்விடும். அங்கே புல் குறைவு. மாடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் மேயாமல் முதுகைக் காற்றுக்குக் காட்டியபடி நின்றுவிடும். இரைப்பையில் வைக்கல் புளித்துச் செரிக்கும்போது எழும் சூடுதான் மாட்டின் அடுப்பு. தீனி நின்றால் அடுப்பும் அணையும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைக் கேட்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தாழமுக்கம் (மழையையும் காற்றையும் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வு) எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, வடமாகாணத்துக்கு 100 மில்லிமீற்றரிலும் கூடிய மழை சொல்லப்படுகிறதா, காற்று எவ்வளவு என்பவற்றைக் கவனியுங்கள். பலத்த மழையும் காற்றும் சேர்த்து இரண்டு நாளுக்குச் சொன்னால், அது பட்டிக்கான எச்சரிக்கை. அறிவிப்புக் கிடைக்காத இடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கமாகத் தாழமுக்கம் இருக்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்தால் அது தென்கிழக்கில் நிற்கிறது, இன்னும் வரவேண்டியிருக்கிறது. காற்று வடமேற்குக்குத் திரும்பினால் அது உங்களைத் தாண்டி வடகிழக்குக்கு ஏறிவிட்டது. மழை குறைந்தாலும் அப்போது நிம்மதி கொள்ளக்கூடாது. நனைந்த உடம்பில் அந்தக் காற்றுப் படுகிற இரவுதான் கொடியது.

ஆதலால் மறைப்பை வடகிழக்கில் மட்டும் கட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். வடக்கை நடுவாக வைத்து, வடகிழக்கும் வடமேற்கும் மூடும்படி பிறைவடிவில் கட்டுங்கள். ஆறடி இடைவெளியில் கதியால் (வேலிக்கு ஊன்றும் தடி), இரண்டடி ஆழம், நிலத்துக்கு மேலே ஆறடி உயரம். அதில் கிடுகு அல்லது பனையோலையை, இடையிடையே கொஞ்சம் காற்றுப் புகும்படி கட்டுங்கள். முழுக்க அடைத்த தறப்பாள் காற்றைத் தடுக்காமல் மேலே தூக்கிவிடும். அது மறுபக்கம் சுழன்று மாட்டின் மேலேயே விழும், கடைசியில் தறப்பாளும் கிழியும். ஓலை மறைப்பு காற்றின் வேகத்தை உடைத்து, அதன் பின்னால் ஏறத்தாழ 50 அடி வரை ஒதுக்குத் தரும். தகரம் வேண்டாம், பிடுங்கிப் பறந்தால் வெட்டும். பெரிய பாலை, மருத மரங்களின் கீழும் பட்டியை வைக்காதீர்கள்.

இடம் மேட்டுநிலமாக இருக்கட்டும். கனகராயன் ஆற்றோரமும், இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் தண்ணீர் போகிற முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கத்துப் பள்ளங்களும் பட்டிக்கு ஆகாதவை. அவசரத்துக்கு ஒரு மாட்டுக்கு 25 சதுர அடி போதும். 30 மாட்டுக்கு 30 அடிக்கு 25 அடி. நிலத்தில் அரையடித் தடிப்புக்கு உமி அல்லது பழைய வைக்கல் பரப்புங்கள். சேற்றில் வயிறு பட்டுப் படுக்கிற மாடு மேலே நனையாவிட்டாலும் விறைத்துவிடும்.

தீனிக் கணக்கை மழைக்கு மூன்று நாள் முன்பே போட்டுவிட வேண்டும். 200 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ காய்ந்த வைக்கல். 30 மாட்டுக்கு நான்கு நாளுக்கு 600 கிலோ. பரண் கட்டி ஏற்றி, மேலே தறப்பாள் போடுங்கள். தறப்பாளுக்கு உரிய இடம் அதுதான். மாலையில் கூடுதலாகப் போட்டால் இரவுக்குச் சூடு இருக்கும். மெலிந்த பசுவுக்கும் சினை மாட்டுக்கும் ஒரு கிலோ தவிடும் கொஞ்சம் புண்ணாக்கும் கொடுக்கலாம். இரக்கப்பட்டு வாளி நிறையச் சோறோ கஞ்சியோ வைத்தால் வயிறு புளித்து அதிலேயே போய்விடும். காற்றில் முறிந்த மரவள்ளிக் குழையையும் பசித்த மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் நஞ்சு இருக்கிறது.

முதலில் போவது கன்றுகள்தான். பிறந்த கன்றைச் சாக்கால் தேய்த்துக் காயவைத்து, ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் (ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) குடிக்க வையுங்கள். 20 கிலோக் கன்றுக்கு முதல் நாளில் 2 லீற்றர் வேண்டும். மழை பெய்யும்போது கன்றுகளைத் தாயோடு வெளியே விடாமல் கூரைக்குள் அடைப்பது நல்லது.

விறைக்கத் தொடங்கிய மாட்டை எப்படி அறிவது? முதலில் நடுங்கும். பிறகு நடுக்கம் நிற்கும். குளிர் விட்டது என்று இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். உடம்பு தோற்கிறது என்பதே அதன் பொருள். காது நுனியும் வாயின் உட்புறமும் சில்லென்றிருக்கும், தலை தொங்கும், எழும்பாது. எருவாயில் (மலவாயில்) வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38 முதல் 39 பாகை சரி. 37க்குக் கீழே இறங்கினால் உடனே வேலை தொடங்க வேண்டும். காற்றில்லாத இடத்துக்கு மாற்றி, சாக்கால் அழுத்தித் துடைத்து, சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி நெஞ்சோரமும் தொடையிடுக்கிலும் வையுங்கள். விழுங்க முடியாத மாட்டின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மறைப்புக்குள் ஈரவிறகு மூட்டிப் புகை அடைப்பதும் மூச்சைக் கெடுக்கும். கால்நடை வைத்தியரை அழைத்துவிட்டே இவற்றைச் செய்யுங்கள். வெள்ளம் சூழ்ந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

செத்த மாட்டை அறுக்கவோ ஆற்றில் விடவோ வேண்டாம். காதிலுள்ள இலக்கத் தகடு தெரியப் படம் எடுத்து, கிராம அலுவலருக்கும் வைத்தியருக்கும் காட்டிய பின், கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

வெயில் வந்ததும் பட்டியைத் திறந்து ஈர உமியை வாரி மாற்றுங்கள். இருமுகிற மாட்டைப் பிரித்துக் கட்டுங்கள். மறைப்பைப் பிரிக்காதீர்கள், தை முடியுமட்டும் இன்னொரு தாழமுக்கம் வரக்கூடும். எஞ்சிய வைக்கலை நிறுத்துப் பார்த்து, 600 கிலோவுக்கு எவ்வளவு குறைகிறதோ அதை அந்த வாரமே ஏற்றிவிடுங்கள்.