ஸ்கிராட்ச்சில் தரைக்குள் புதையும் பூனை: நான் சரிசெய்த விதம்

பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் குதித்தோடும் விளையாட்டு செய்யும்போது பூனை முழங்கால்வரை தரையில் புதையும். சில நேரம் தரையைத் தாண்டியே விழுந்துவிடும். காரணம், ஸ்கிராட்ச் நொடிக்கு 30 முறைதான் திரையைப் புதுப்பிக்கிறது. வேகம் -15 என்றால் ஒரே எட்டில் 15 புள்ளி இறங்கும். மெல்லிய தரை அதன் கணக்கிலேயே வராது.

'வேகம்' மாறியை (மதிப்பைச் சேமிக்கும் இடம்) ஒவ்வொரு சுற்றிலும் 1 குறைத்து, -12க்குக் கீழே போகாமல் நிறுத்தினேன். தரை 20 புள்ளி தடிமன். பூனையின் ஒய் மதிப்பில் (திரையில் அது இருக்கும் உயரம்) வேகத்தைக் கூட்டியதும் தரையைத் தொட்டால், தொடுவது நிற்கும்வரை ஒய்யை 1, 1 ஆக ஏற்றி, வேகத்தை 0 ஆக்க வேண்டும். ஏறும்போது தலை முட்டினால் அதேபோல 1, 1 ஆக இறக்க வேண்டும்.

இதை அப்படியே போட்டால் பூனை லிஃப்டில் வருவதுபோல மெதுவாக எழும். பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஒவ்வொரு படியும் திரையில் வரையப்படுவதுதான் கோளாறு. ஒரு சுற்றில் நடக்கும் இது மொத்தத்தையும் நாமே உருவாக்கும் சொந்த பிளாக் ஒன்றில் வைத்து, உருவாக்கும்போதே 'திரையைப் புதுப்பிக்காமல் இயக்கு' என்பதை டிக் செய்யுங்கள்.

நடை காஸ்ட்யூம் (பூனையின் தோற்றப் படம்) மாறும்போது வால் சுவரில் சிக்குகிறதா? அந்த பிளாக்கின் தொடக்கத்தில் வெறும் செவ்வகக் காஸ்ட்யூமுக்கு மாற்றி, முடிவில் பழையதைப் போடுங்கள். செவ்வகம் கண்ணில் படாது.